ஹிந்தி வராத பிள்ளை

பெனிட்டாவுக்கு ஹிந்தி வராது என்பது அந்த வீட்டில் தீர்ப்பு எழுதி முடித்துவிட்ட விஷயம். இதில் வேடிக்கை என்னவென்றால், ஆட்டோக்காரன் சுற்றுவழியில் போனால் அவனிடம் சண்டை பிடிக்க அவளைத்தான் முன்னால் தள்ளிவிடுவார்கள். "பையா, உதர் ஸே க்யோங் ஜா ரஹே ஹோ? சீதா லோ நா!" என்று, நேர்வழியில் விடச் சொல்லி அந்தப் பன்னிரண்டு வயசுப் பெண் ஒரு அதட்டுப் போட்டால், ஆட்டோ மறுபேச்சில்லாமல் மயூர் விஹார் பக்கம் திரும்பும். பின்சீட்டில் அம்மாவும் அப்பாவும் பையை மடியில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வருவார்கள். அப்படிப்பட்டவளுக்கு ஹிந்தி வராதாம்.

ஆனால் மார்க் ஷீட் அப்படித்தான் சொன்னது. ஆறாம் வகுப்பில் நூற்றுக்கு இருபத்தெட்டு. போனால் போகிறது என்று தூக்கிவிட்டார்கள். ஏழாம் வகுப்பில் இருபத்தொன்று. இந்தத் தடவை பள்ளிக்கூடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: ஏழாவதை இன்னொரு வருஷம் படிக்கட்டும், இல்லாவிட்டால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்பா தாமஸுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவர் தலைநகரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் யு.டி.சி. குமாஸ்தா. ஹிந்தி தெரியாத ஊழியர்களுக்கென்று அரசாங்கம் நடத்துகிற ஹிந்திப் பரீட்சையில் இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை முதுகுவலி என்று மெடிக்கல் லீவு போட்டு வீட்டில் படுத்துக்கொண்டவர். "அது நம்ம ரத்தத்துல இல்ல. அப்பனுக்கு வராதது பிள்ளைக்கு எங்கருந்து வரும்?" என்றார். கொஞ்சம் பெருமை மாதிரியே அதைச் சொன்னார். மயூர் விஹாரில் அவருக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் எல்லாம் இதே பேச்சுத்தான். பிள்ளைக்கு ஹிந்தியில் மார்க் குறைந்தால் யாரும் காரணம் தேடுவதில்லை. காரணம்தான் முன்கூட்டியே தயாராக இருக்கிறதே!

பாளையங்கோட்டையில் தாமஸின் அக்கா இருந்தாள். பக்கத்திலேயே பெண்கள் பள்ளி. ஹிந்தி என்கிற பேச்சே கிடையாது. பெனிட்டாவை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவது என்று முடிவானது. டி.சி.க்கு எழுதிக் கொடுத்தாயிற்று. ஏப்ரல் கடைசியில் ரயிலுக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

அம்மா இன்பராணிக்குப் பிள்ளையை அனுப்ப மனசில்லை. ஒரே பிள்ளை. ஆனால் மனசில்லை என்று சொல்லி எதிர்த்து நிற்பதற்கும் உடம்பில் ஒரு தெம்பு வேண்டுமே! அவள் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் பதினைந்து வருஷமாக ஸ்டாஃப் நர்ஸ். விடியுமுன் எழுந்து, மூன்று டப்பாவுக்குச் சோறு கட்டி, நெரிசல் பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்று, ஏழு மணி ட்யூட்டிக்கு ஓட வேண்டும். நாற்பது படுக்கைக்கு இரண்டு நர்ஸ். சாயங்காலம் வீடு திரும்பும்போது கணுக்கால் இரண்டும் வீங்கியிருக்கும். செருப்பைக் கழற்றி ஒரு வாய் டீ குடித்துவிட்டு, "ஹிந்திப் புக்க எடு" என்பாள். அங்கேதான் தினமும் கச்சேரி ஆரம்பம்.

பெனிட்டா புத்தகத்தை எடுப்பாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பாள். கண்ணைச் சுருக்குவாள். ஒரு வரியை வாசிக்க ஒரு யுகம் பிடிக்கும். எழுத்துக்கு மேலே போடுகிற குறிகள் எல்லாம் அவள் வாயில் இடம் மாறி விழும்.

"தலைய நேரா வையிட்டி! என்ன ஸ்டைலு இது?"

நேராக வைப்பாள். வாசிப்பு இன்னும் மோசமாகும்.

"கண்ண ஏன் சுருக்குத? முழிச்சுப் பாரு!"

முழித்துப் பார்ப்பாள். ஒன்றும் வராது. அப்புறம் முதுகில் ஒன்று விழும். அடித்த கையோடு இன்பராணிக்கும் அழுகை முட்டும். இரண்டு வருஷமாக இதுவேதான், அரைத்த மாவையே அரைத்துக்கொண்டு. "ஒனக்கு மூளையே இல்லட்டி" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே கணக்கில்லை.

கண்ணில் கோளாறாக இருக்குமோ என்று ஒரு நர்ஸுக்குத் தோன்றாதா என்று நீங்கள் கேட்கலாம். தோன்றியது. ஆனால் பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் கண் பரிசோதனை நடத்தி அட்டையில் எழுதித் தருகிறார்களே! இரண்டு கண்ணும் ஆறுக்கு ஆறு, மூன்று வருஷமும் அதேதான். இருபது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒரே பலகையைக் காட்டி, ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வாசிக்கச் சொன்னால் பதினேழாவதாக நிற்பவளுக்குப் பலகை எதற்கு? காது இருந்தால் போதும். அதைச் சொல்ல அந்த அட்டையில் இடம் இல்லை. இன்பராணி அட்டையை நம்பினாள்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் ஆஸ்பத்திரியில் கண் பிரிவு சிஸ்டர் பிரசவ லீவில் போனாள். புது ஆள் வருகிற வரைக்கும் அவள் இடத்தில் இன்பராணியைப் போட்டார்கள். அங்கே நோயாளிகளைத் தூக்கித் திருப்பிப் படுக்க வைக்கிற வேலை இல்லை. கண்ணில் சொட்டு மருந்து விடுவது, சீட்டை வரிசைப்படி அடுக்குவது, 'அடுத்தது' என்று கூப்பிடுவது, அவ்வளவுதான். அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

கண்ணாடிக்குப் பவர் பார்க்கிற இருட்டறையில் மாணிக்கவாசகம் என்பவர் இருந்தார். சீர்காழிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். காலையிலிருந்து எண்பது பேருக்கு லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, யார் மேலும் எது மேலும் எரிச்சல்படத் தயாராக இருப்பவர். டீ சரியில்லை, ஃபேன் சரியில்லை, பல்பு சரியில்லை. ஆனால் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தால் மட்டும் அந்தக் குரல் இறங்கிவிடும்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு பஞ்சாபி அம்மாள் ஒன்பது வயசுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அம்மாக்காரி இரண்டு கையாலும் அந்தத் தலையைப் பிடித்து நேராக்கினாள். "சீதா கர்! சீதா!" மறுபடி சாய்ந்தது. மறுபடி நேராக்கினாள்.

"சோடியே, பெஹன்ஜி, சோடியே!" என்று, தலையை விடச் சொல்லி மாணிக்கவாசகம் அதட்டினார். பிறகு இன்பராணி பக்கம் திரும்பி, தமிழில், "பாத்தீங்களா சிஸ்டர்? வர்ற அம்மாமார் எல்லாம் இதே வேலைதான். நேராக்கி நேராக்கி எங்கிட்ட கூட்டிட்டு வர்றாங்க. அந்தக் குழந்தை தலையைச் சாய்க்கிறதே கண்ணு தெரியறதுக்காகத்தான். கண்ணைச் சுருக்கறதும் அதுக்குத்தான்" என்றார்.

இன்பராணி கையிலிருந்த சொட்டு மருந்து பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"என்ன கோளாறு சார் இதுக்கு?"

"அஸ்டிக்மாட்டிசம். நீங்க படிச்சிருப்பீங்களே! கருவிழி பந்து மாதிரி ஒரே சீரா உருண்டையா இருக்கணும். சில பேருக்கு முட்டை மாதிரி ஒரு பக்கம் வளைவு கூடுதலா இருக்கும். அப்ப என்ன ஆகும்? ஒரு திசையில போற கோடு பளிச்சுன்னு தெரியும். அதுக்குக் குறுக்கே போற கோடு கலங்கிப் போயிடும். மொத்தமாத் தெரியாமப் போனா வீட்டுல கண்டுபிடிச்சிடுவாங்க. இது பாதி தெரியும், பாதி தெரியாது. குழந்தைக்கே தெரியாது, தனக்குச் சரியாத் தெரியலைன்னு. பொறந்ததுலேர்ந்து அப்படித்தானே பாக்குது?"

நர்ஸிங் படிப்பில் அதைப் படித்ததுதான். அரைப் பக்கம். பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வியாக வந்தது என்றுகூட ஞாபகம் இருந்தது. படித்து என்ன பிரயோஜனம்?

"சார்," என்றாள். "இப்படி இருக்கிற பிள்ளைக்கு ஹிந்தி வாசிக்க வருமா?"

மாணிக்கவாசகத்துக்கு முதலில் கேள்வி பிடிபடவில்லை. "கண்ணுக்கு ஹிந்தி என்ன, இங்கிலீஷ் என்ன?" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். ஒரு நிமிஷம் யோசித்தார். "படுக்கைவாட்டுக் கோடு கலங்கற கண்ணா இருந்தா கஷ்டம்தான். ஹிந்தியில எழுத்துக்கெல்லாம் மேல ஒரே நீட்டாக் கோடு போகுதில்ல? அது பட்டையா இழுத்துக்கும். அதுக்கு மேல போடற கொம்பு, புள்ளி எல்லாம் அதுக்குள்ள போய் மறைஞ்சிடும். இங்கிலீஷ்ல எழுத்து தனித்தனியா நிக்கும், குத்துமதிப்பா ஓட்டிடலாம். ஏன், யாருக்குக் கேக்கறீங்க?"

"எம் பிள்ளைக்கு."

"நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க. கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி" என்றார்.

அன்றைக்கு மிச்சப் பொழுது இன்பராணி எப்படி வேலை செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தப் பஞ்சாபி அம்மாளின் இரண்டு கைகளும் கண்ணை விட்டுப் போகவில்லை. அவளாவது தலையை நேராக்கியதோடு விட்டாள். தான் அதற்கு மேலேயும் போனோமே என்று நினைத்துக்கொண்டாள். மருந்து அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "ஆண்டவரே, கண்ணு கோளாறாகவே இருக்கட்டும்" என்று ஜெபித்தாள். பிள்ளைக்குக் கோளாறு இருக்க வேண்டும் என்று ஒரு தாய் ஜெபிக்கிறாளே என்று உடனே பயமாகவும் இருந்தது.

மறுநாள் காலையில் பெனிட்டா இருட்டறை நாற்காலியில் உட்கார்ந்தாள். இன்பராணி அவள் பக்கத்திலேயே நின்றாள்.

மாணிக்கவாசகம் ஒரு கண்ணை மறைத்துப் பலகையை வாசிக்கச் சொன்னார். முதல் நாலு வரி தட்டுத் தடங்கலில்லாமல் வந்தது. ஐந்தாவதில் பெனிட்டா தலையைச் சாய்த்தாள். சட்டென்று அம்மாவைப் பார்த்தாள். உடனே தலையை நேராக்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு வந்த எழுத்தெல்லாம் தப்பு. ஒவ்வொரு எழுத்தையும் சொல்லிவிட்டு அம்மா முகத்தைப் பார்த்தாள். முகம் கொஞ்சம் சுருங்கினால் எழுத்தை மாற்றினாள்.

அடுத்து வேறொரு பலகையைப் போட்டார். கடிகாரம் மாதிரி வட்டம். ஆனால் முள் இல்லை. நடுவிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று பன்னிரண்டு மணிக்கும் கறுப்புக் கோடுகள் கிளம்பிப் போயின.

"இதைப் பாரும்மா. எந்தக் கோடு ரொம்பக் கறுப்பாத் தெரியுது? எது மங்கலாத் தெரியுது?"

பெனிட்டா அம்மாவைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். "எல்லாம் சேம் அங்கிள்" என்றாள்.

"எல்லாமேவா?"

"ஹாங். ஏக் தம் சேம்."

இன்பராணி பலகையைப் பார்த்தாள்; அவளுக்கும் எல்லாக் கோடும் ஒன்றுதான். அப்படியானால் கண்ணில் ஒன்றும் இல்லை. அப்படியானால் அந்தத் தீர்ப்புத்தான் சரி. டி.சி.யை வாங்க வேண்டியதுதான்.

மாணிக்கவாசகம் ஒரு சின்ன விளக்குக் கருவியை எடுத்தார். அதிலிருந்து ஒரு ஒளிக்கீற்றைப் பெனிட்டாவின் கண்ணுக்குள் விட்டு, மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தார். லென்ஸை மாற்றினார், மறுபடி பார்த்தார். கண்ணில் விழுகிற வெளிச்சம் எப்படித் திரும்புகிறது என்பதை அது சொல்லிவிடும். பிள்ளை வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சிஸ்டர், நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்க."

"நானா? ஏன் சார்?"

"இருங்களேன். நான் கூப்பிடறேன்."

பதினைந்து வருஷ சர்வீஸில் இன்பராணியை எந்த அறையிலிருந்தும் யாரும் வெளியே போகச் சொன்னதில்லை. மற்றவர்களின் சொந்தக்காரர்களை வெளியே அனுப்புவது அவள் வேலை. திரைக்கு இந்தப் பக்கம் வந்து, சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். திரை என்றால் என்ன, ஒரு பச்சைத் துணிதானே. உள்ளே பேசுவது அத்தனையும் கேட்டது.

"பாப்பா, இங்க பரீட்சை ஒண்ணும் நடக்கல. சரி, தப்புன்னு எதுவும் கிடையாது. மார்க்கும் கிடையாது. உனக்குத் தெரியறதைச் சொன்னாத்தான் நான் கண்ணாடி குடுக்க முடியும். பொய் சொன்னா பொய்க் கண்ணாடிதான் வரும். அச்சா? இப்பச் சொல்லு."

பிறகு பெனிட்டாவின் குரல்.

"பாரா-சே கறுப்பு. க்யாரா-பாஞ்ச் கூட பக்கா கறுப்பு."

"பன்னெண்டு-ஆறு, பதினொண்ணு-அஞ்சு. சரி. மூணு-ஒன்பது?"

"அது... கோடு மாதிரியே இல்ல அங்கிள். பென்சில்ல போட்டு விரலால தேய்ச்ச மாதிரி. தோ-ஆட்டும் அப்படித்தான்."

"ரெண்டு-எட்டுமா? அப்ப ஏன் முன்னாடி எல்லாம் ஒண்ணுன்னு சொன்ன?"

"பலகையில எல்லாம் சேம்தானே போட்டிருப்பாங்க. அதானே ரைட் ஆன்ஸர்? நான் ராங் சொன்னா மம்மி..." அங்கே நிறுத்திக்கொண்டாள்.

லென்ஸ் மாற்றுகிற சத்தம் மட்டும் கிளிக் கிளிக்கென்று வந்தது. "இதுல நல்லாத் தெரியுதா, இதுலயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முதலில் இழுத்து இழுத்துப் பதில் சொன்ன குரல், போகப்போகத் துணிந்தது. "முன்னது." "இல்ல, இப்ப உள்ளது." "தோனோ பேகார், ரெண்டும் வேஸ்ட்." கடைசியில் ஒரு தடவை, "அரே!" என்று ஒரு கத்தல். அதற்குப் பிறகு கடகடவென்று பலகையின் அடிவரி வரை வாசிக்கிற சத்தம். தலை அப்போது எப்படி இருந்தது என்று இன்பராணிக்குத் தெரியாது. அவள்தான் வெளியே இருந்தாளே.

பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர், "க்யா ஹுவா சிஸ்டர்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்கிற மாதிரி "குச் நஹீங்" என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சொட்டு மருந்து விட்டு ஒரு தடவை, அது தெளிந்த பிறகு ஒரு தடவை என்று மறுபடியும் பார்த்து உறுதி செய்தார்கள். இரண்டு கண்ணிலும் ரெண்டே முக்கால் சிலிண்டர், அதாவது அந்த வளைவுக் கோளாறுக்கான பவர். மாணிக்கவாசகம் சீட்டைக் கொடுக்கும்போது, "இவ்வளவு பவரை வெச்சுக்கிட்டு இந்தப் பொண்ணு இருபத்தொண்ணு வாங்கியிருக்கே, அதுக்கே கை குடுக்கணும்" என்றார். இன்பராணி சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

தாமஸ் விஷயத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டார். "அப்பம் என் கண்ணும் அப்படித்தான் இருக்குமோ?" என்று மெதுவாகக் கேட்டார். "ஒங்களுக்குக் கண்ணுல ஒண்ணும் இல்ல. நீங்க படிக்கல" என்று இன்பராணி பட்டென்று சொன்னாள். மனுஷன் மறுநாளே லீவு போட்டு, டாக்டர் சான்றிதழோடு பள்ளிக்கூடத்துக்குப் போய் நின்றார். ஜூலையில் ஹிந்திக்கு மட்டும் மறுபடி ஒரு பரீட்சை வைக்கிறோம், பாஸானால் எட்டாவதில் உட்காரலாம் என்று தலைமையாசிரியை ஒப்புக்கொண்டார். ஆனால் டி.சி. வேண்டாம் என்று சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அதற்கு மேல் அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண்ணாடி வந்தது. கடையிலேயே மாட்டிக்கொண்டு பெனிட்டா வெளியே வந்தாள். படியில் இறங்கும்போது கால் தடுமாறியது. தரை சாய்வாகத் தெரிகிறது என்றாள். இரண்டு நாளில் பழகிவிடும் என்று மாணிக்கவாசகம் முன்பே சொல்லியிருந்தார். மார்க்கெட்டைத் தாண்டுவதற்குள்ளேயே அவள் வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். ஹிந்தியில் என்ன எழுதியிருந்தாலும் விடவில்லை. பால் பூத் பலகை, பஸ்ஸின் முதுகு, கட்டாயம் குணமாகும் என்று மூலத்துக்கு விளம்பரம், ஒன்று பாக்கியில்லை. ஒரு சுவர் முன்னால் நின்று, "யஹாங் பேஷாப் கர்னா மனா ஹை!" என்று, அங்கே ஒன்றுக்குப் போகக் கூடாது என்கிற எச்சரிக்கையைத் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி உரக்க வாசித்தாள். அந்தச் சுவரோரம் நின்றுகொண்டிருந்த ஆள் திடுக்கிட்டு நகர்ந்தான். இன்பராணி வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனை மாசத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்தாள் என்று தெரியாது. எல்லாம் சரியாகிவிட்டது என்று அன்றைக்கு அவள் நினைத்தாள்.

சனிக்கிழமை காலை தாமஸ் ரயில் டிக்கெட்டை ரத்து செய்யப் போனார். இன்பராணி லீவு போட்டிருந்தாள். பத்தரை மணிக்குச் சேலை மாற்றிக்கொண்டு வந்து, "கெளம்புட்டி. ஸ்கூலுக்குப் போயி டீசி வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வருவோம்" என்றாள்.

பெனிட்டா கட்டிலில் உட்கார்ந்து, ஊருக்குப் போகிற பெட்டியில் துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்துக்கு அத அடுக்குத? எடுத்துப் போடு வெளிய. நீ எங்கயும் போவாண்டாம்."

"நான் போறேன் மம்மி."

"எங்க?"

"அத்தை வீட்டுக்கு. பாளையங்கோட்டைக்கு."

முதலில் இன்பராணி அதை வீம்பு என்றுதான் நினைத்தாள். "அதான் இப்பம் ஹிந்தி நல்லாத் தெரியுதுல்லா? பொறவு என்ன?"

"தெரியுது. அதுதான் ப்ராப்ளம்." பெனிட்டா ஒரு பாவாடையை மடித்து வைத்தாள். "முன்ன மார்க் கம்மியானா கண்ணு காரணம். இப்ப கண்ணாடி போட்டும் ஃபெயில் ஆயிட்டா? அப்ப என்ன சொல்வீங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"சொல்வீங்க மம்மி." கோபமில்லாமல்தான் சொன்னாள். தனக்குத் தெரிந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். "ட்யூட்டியிலேர்ந்து வந்தா சொல்வீங்க. ஹிந்தி இல்லாட்டி மேத்ஸ். மேத்ஸ் இல்லாட்டி வேற எதுனாச்சும்."

இன்பராணி வாயைத் திறந்தாள். இல்லை என்று சொல்லத்தான். சொல்ல முடியவில்லை.

"நான் அங்க இருந்தா நீங்க வருஷத்துக்கு ஒரு தடவை லீவுல வருவீங்க. ஒரு மாசம்தானே இருப்பீங்க. அப்ப என்னைத் திட்ட மாட்டீங்க. ப்யார்ஸே, ஆசையா இருப்பீங்க." பெட்டியின் ஓரத்தில் சாக்ஸைத் திணித்தாள். "அதுவே எனக்குப் போதும்."

இன்பராணி கட்டில் வரைக்கும் போகாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இஸ்திரி போட்ட சேலை கசங்கியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இந்தப் பிள்ளை தனக்கு இவ்வளவு போதும் என்று அளந்து வைத்திருக்கிறதே! வருஷத்துக்கு ஒரு மாசம். அதுவும் பன்னிரண்டு வயசில். அழுதாள். சத்தம் போட்டே அழுதாள். பெனிட்டா மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா இப்படி அழுது அவள் பார்த்ததில்லை.

"ஒன்ன அடிச்சது தப்பு பிள்ள" என்றாள் இன்பராணி. "மூளை இல்லன்னு சொன்னது தப்பு. ஒனக்குக் கண்ணு தெரியாம இருந்துச்சுங்கிறதுக்காகச் சொல்லல. கண்ணு நல்லா இருந்தாலும் தப்புதான். நான் ரொம்பக் களைச்சுப் போயிட்டேன். அதுக்கு நீ என்ன செய்வ? ஒங்கிட்டத்தான் எறக்கி வச்சேன்."

பெனிட்டா மடித்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இனிமே கோவமே படமாட்டேன்னு சத்தியம் பண்ணி ஒன்ன ஏமாத்த மாட்டேன். கோவம் வரும். நாளைக்கும் கால் வீங்கிட்டுத்தான் வருவேன். ஆனா கை நீட்ட மாட்டேன். மூளையப் பத்தி வாயத் தொறக்க மாட்டேன். எனக்கு ஒரு வருஷம் தா. அதுக்குப் பொறவும் போணும்னு நீ சொன்னன்னா, நானே கொண்டு விடுதேன். டாடிகிட்டயும் நானே சொல்லுதேன்."

பெனிட்டா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தாள். திரும்பவும் மாட்டிக்கொண்டாள். கட்டிலை விட்டு இறங்கி வந்து அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். இன்பராணி கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் அப்படியே இருந்தாள். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

"ஒரு வருஷம் ஜாஸ்தி" என்றாள் பெனிட்டா. "ஹாஃப் இயர்லி வரைக்கும் இருக்கேன். அதுக்கப்புறம் பாக்கலாம்."

"சரி" என்றாள் இன்பராணி.

மணி பதினொன்றே கால் ஆகியிருந்தது. எழுந்து முகம் கழுவிக்கொண்டாள். பெட்டியை அவள் தொடவில்லை. அது பாதி நிறைந்து, மூடாமல், கட்டில்மேலேயே இருந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு, கசங்கிய சேலையோடே பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டாள்.